பத்திரம் பதிந்தாயிற்று, வீடு இன்னும் பெயருக்கு வரவில்லை: சிக்கல் எந்தத் தாளில் என்று கண்டுபிடிக்கும் வழி

சார்பதிவகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதும் மேசையில் என் காலம் ஓடியிருக்கிறது. புதிதாகப் பத்திரம் எழுத வருகிறவர்கள் பாதி என்றால், ஏற்கெனவே பதிந்த பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இதில் என்னவோ சிக்கலாம், கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர்கள் மறுபாதி. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீட்டுக்காக அவர்கள் அலையும் அலைச்சலைப் பார்த்தால் மனசு கனத்துவிடும். பெரும்பாலான நேரம் சிக்கல் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் தவறான அலுவலகத்தில் ஆறு மாதம் நடந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டையோ மனையையோ பெயர் மாற்றும்போது வரும் சிக்கல்களை, வெளியே தெரியும் அறிகுறியை வைத்து இங்கே பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் கீழே உள்ள ஒரு வேலையை மட்டும் எல்லாரும் செய்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

ஐந்து தாள்களை மேசைமேல் பரப்புங்கள்: உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்). ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயர், கிராமம், சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைப் படித்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எது எதோடு ஒத்துவரவில்லையோ அதை வட்டமிடுங்கள்.

பத்திரமும் வில்லங்கமும் பதிவுத்துறையின் கையில். பட்டாவும் புலப்படமும் வருவாய்த்துறையின் கையில். ஒரு துறையின் தாளில் உள்ள பிழையை இன்னொரு துறை திருத்தாது. பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருக்கும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்று பயனில்லை. பட்டாவில் பரப்பு குறைந்திருக்கும்போது பத்திரத்தைத் திருத்தி எழுதினால் இரண்டாவது பிழையும் சேர்ந்துகொள்ளும். எந்தத் தாளில் நோய் என்று தெரியாமல் மருந்துக்குப் போகாதீர்கள்.

அளவு பார்க்கும்போது அவசரம் வேண்டாம். பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி, சென்டில் 5.5 வரும், ஏரில் 2.23 வரும். பட்டாவில் 2.23 என்று பார்த்துவிட்டு "பாதி நிலத்தைக் காணோம்" என்று பதறி வந்தவர்களை எத்தனையோ முறை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

## அறிகுறி 1: சார்பதிவகத்தில் பத்திரத்தை ஏற்க மறுக்கிறார்கள்

மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினால் மேல்முறையீட்டுக்கு உங்களிடம் ஒன்றுமே இருக்காது. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு, மறுத்தால் காரணத்தைப் பதிவுசெய்து, கேட்பவருக்கு நகல் தர வேண்டும் என்கிறது. அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எழுதி வாங்கிய காரணம் எதுவோ, அந்தக் கிளைக்குப் போங்கள்.

தாய்ப் பத்திரத்தின் அசல் இல்லை. முதலில் விற்பவரின் வங்கியில் கேளுங்கள். கடனுக்கு ஒப்படைத்ததை மறந்திருப்பார்கள். வங்கியில் இருந்தால் தடையில்லாக் கடிதம் வாங்க வேண்டும். உண்மையிலேயே தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், "தேடியும் கிடைக்கவில்லை" என்ற சான்று, நாளிதழில் விளம்பரம் என்ற வரிசையில் போக வேண்டும். வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொலைந்த பத்திரம் உண்மையில் யாரிடமாவது அடமானமாக இருக்கலாம். சான்றிதழ் வந்துவிட்டதே என்று நிம்மதியடையாமல், விற்பவரின் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

சர்வே எண் தடைப் பட்டியலில் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலையை, தேடினால் பூஜ்ஜியம் காட்டும். அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்று யாராவது உரிமை சொல்லியிருப்பார்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் பதிவு நிற்கும். பெரிய சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு மட்டும் கோயிலுடையதாக இருக்க, முழு எண்ணையும் தடை செய்திருப்பதும் உண்டு. அ-பதிவேடு என்பது கிராமத்தின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவேடு. அதன் நகலை எடுத்து உங்கள் உட்பிரிவு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தனியார் பெயரில் தெளிவாக இருந்தால் சம்பந்தப்பட்ட துறையின் தடையின்மைச் சான்றுக்கு மனுப் போடலாம். அ-பதிவேட்டிலேயே கோயில் பெயரோ அரசு என்றோ இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குவதுதான் முதல் வேலை.

அங்கீகாரம் இல்லாத மனை. 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மனத்தில் வையுங்கள். அதே மனை அந்தத் தேதிக்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபதிவுக்கு வழி உண்டு. அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் மனை வரன்முறை உத்தரவு, அதாவது அங்கீகாரமில்லாத மனையைப் பின்னர் முறைப்படுத்திய உத்தரவு, இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத மனையை "விவசாய நிலம் என்று எழுதிப் பதிந்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படிப் பதிந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போது அழுகைதான் மிச்சம்.

பவர் வைத்திருப்பவர் வந்திருக்கிறார். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று அண்மைத் தேதியில் வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால், விற்பவர் என்ற நிலையில் அவர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் முடிந்தது. வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று, இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். மகன் அனுப்பிய உறையைப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்ட அம்மாக்கள் உண்டு.

கையெழுத்துப் போட்டவர் பதிவுக்கு வரவில்லை. எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 4 மாதம் வரை அபராதத்தோடு அனுமதிக்கலாம். அபராதம் பதிவுக் கட்டணத்தைப்போல் 10 மடங்கு வரை போகலாம். வர முடியாதது உடம்பு முடியாததால் என்றால் கவலையே வேண்டாம். சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய 31-ஆவது பிரிவு இடம் தருகிறது, கட்டணம் கட்டி மனுக் கொடுத்தால் போதும். வர மனமில்லாமல் தட்டிக்கழிக்கிறார் என்றால், கெடு முடியுமுன் நீங்களே தாக்கல் செய்து, அவருக்கு அழைப்பாணை அனுப்பும்படி கேளுங்கள். அவர் வந்து "இது என் கையெழுத்தே இல்லை" என்றால் அன்றைக்கே வழக்கறிஞர். அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் 30 நாள்தான்.

கையில் இருப்பது விற்பனை ஒப்பந்தம் மட்டும், பத்திரமே எழுதவில்லை என்றால் இந்த வழி எதுவும் பொருந்தாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

## அறிகுறி 2: பதிந்தார்கள், மதிப்புக் குறைவு என்று அசலைத் தரவில்லை

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது. பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். நீங்கள் கொடுத்த விலை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது கூடுதலோ அதன்மேல்தான் கணக்கு.

எளியதிலிருந்து பாருங்கள்.

தெருப் பெயர் மாறியிருக்கிறதா? மனை முட்டுச்சந்தில் இருக்கும். பத்திரத்தில் பிரதான சாலையின் பெயர் இருக்கும். 2,400 சதுர அடிக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்றால் மதிப்பு 48 லட்சம். அதையே 2,600 ரூபாய்த் தெருவில் வைத்தால் 62.4 லட்சம். 9 சதவீதத்தில் வித்தியாசம் 1,29,600 ரூபாய். தெருப் பலகை தெரிகிற புகைப்படம், வரி ரசீது, புலப்படம் மூன்றையும் இணைத்து மனுக் கொடுத்தால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டடத்தை விட்டுவிட்டீர்களா? காலி மனை என்று எழுதியிருப்பார்கள். தல ஆய்வுக்கு வந்தால் மாடி வீடு நிற்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை. குறையைக் கட்டி அசலை வாங்குங்கள். பணத்தை விடப் பெரிய காரணம் இருக்கிறது: கட்டடம் இல்லாத பத்திரத்தை வைத்து வீட்டுக்கடனும் கிடைக்காது, விற்கவும் தடுமாற வேண்டிவரும்.

வழிகாட்டி மதிப்பே உண்மைக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்று உறுதியாக நம்பினால், முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்கீழ் தனித் துணை ஆட்சியர் (முத்திரை) விசாரிப்பார். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் நேரில் போங்கள். போகாதவருக்கு எதிராகவே உத்தரவு முடியும். பக்கத்து மனைகள் எந்த விலைக்குப் பதிவாகின என்ற பத்திர நகல்கள்தான் அங்கே பேசும். உத்தரவு ஒப்பவில்லை என்றால் அதில் குறித்த கெடுவுக்குள் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு. வித்தியாசம் சில ஆயிரம் என்றால் கட்டிவிடுங்கள் என்பதே என் யோசனை. லட்சத்தைத் தாண்டினால் வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகும்.

## அறிகுறி 3: பதிந்து வந்த பத்திரத்தில் பிழை

என் மேசைக்கு அதிகம் வருவது இதுதான். நான் அதிகம் மன்றாடுவதும் இதற்குத்தான்: இன்றைக்கே திருத்துங்கள். எழுதிக் கொடுத்தவர் உயிரோடும் நல்ல மனத்தோடும் பக்கத்திலும் இருக்கும்வரை இந்தப் பிழை ஓர் அரைநாள் வேலை. அந்த மூன்றில் ஒன்று போனாலும் விலை ஏறிக்கொண்டே போகும்.

ஒரு தம்பதி வீடு வாங்கிப் பதினைந்து வருஷம் கழித்து வந்தார்கள். உட்பிரிவு எண்ணில் ஒரே ஓர் எழுத்துப் பிசகு. பதிந்த வாரமே கண்டுபிடித்திருந்தார்கள். "விற்றவர் ரொம்ப நல்லவர், எப்போது கூப்பிட்டாலும் வருவார்" என்று விட்டுவிட்டார்கள். அவர் நல்லவர்தான். ஆனால் இறந்துபோனார். ஐந்து வாரிசுகள் நான்கு ஊர்களில் இருந்தார்கள். ஒருவருக்கு மற்றவரோடு பேச்சில்லை. ஓர் எழுத்துக்காக அந்த ஐந்து கையெழுத்தையும் சேர்க்க ஒன்றேகால் வருஷம் பிடித்தது.

எந்தப் பிழை என்று பிரித்துப் பாருங்கள்.

பெயர் எழுத்து, முதலெழுத்து, தந்தை பெயர், கதவு எண். பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போதும். முதல் பத்திரத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பும் வர வேண்டும். புதிய பத்திரத்தில் பழைய ஆவண எண், ஆண்டு, எந்தச் சார்பதிவகம், எந்தப் பக்கத்தில் எந்த வரி, "இப்படி இருப்பதை இப்படித் திருத்தி வாசிக்கவும்" என்று துல்லியமாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி என்றால் எது தப்பு என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஆதார் தப்பென்றால் ஆதாரைத் திருத்துங்கள், பத்திரத்தைத் தொடாதீர்கள்.

சர்வே எண் அல்லது உட்பிரிவு. தாய்ப் பத்திரத்திலும் அதே பிழை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பத்திரத்தில் மட்டும் என்றால் பிழைத்திருத்தல் போதும். நான்கெல்லையும் கதவு எண்ணும் சரியாக இருப்பது நல்ல துணை. தாய்ப் பத்திரத்திலேயே பிழை என்றால் மேலிருந்து திருத்திக்கொண்டு வர வேண்டும்: உங்களுக்கு விற்றவருக்கு விற்றவர் முதலில் அவருக்குத் திருத்திக் கொடுக்க வேண்டும், பிறகு அவர் உங்களுக்கு. இடையில் ஒரு கண்ணியை விட்டால் திருத்தியும் பயனில்லை.

பரப்பு. குறைத்து எழுதியதை ஏற்றினால், கூடும் நிலத்துக்குத் தீர்வை கேட்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் விற்றவருக்கு அவ்வளவு நிலம் இருந்ததா என்று தாய்ப் பத்திரத்தில் பார்த்துவிட்டு இதில் இறங்குங்கள். அவரிடம் இல்லாத நிலத்தை அவர் திருத்தி எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்கு வராது.

வேறு சொத்தே எழுதப்பட்டிருக்கிறது. மனை எண் 14-ஐக் காட்டிவிட்டு 41-ஐ எழுதிய கதைகள் உண்டு. அலுவலகத்தில் இதைப் பிழைத்திருத்தலாக ஏற்பது அரிது. புதிதாகக் கிரயம், முழுத் தீர்வை என்று முடியலாம். எழுதும்முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

எழுதிக் கொடுத்தவர் இறந்திருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து எல்லா வாரிசுகளும் சேர்ந்து திருத்தம் எழுதிக் கொடுக்கலாம். வர மறுத்தாலோ, திருத்தத்துக்குத் தனிப் பணம் கேட்டு மிரட்டினாலோ, 1963-ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் நீதிமன்றம் மூலம் ஆவணத்தைத் திருத்தக் கேட்கலாம். அந்த வழக்குக்கும் காலவரம்பு உண்டு. பிழை தெரிந்த பிறகு ஆறப்போடாதீர்கள்.

## அறிகுறி 4: வில்லங்கச் சான்றில் என் பெயர் இல்லை, அல்லது தெரியாத பதிவு இருக்கிறது

என் பத்திரம் வரவில்லை. முதலில் தேடியவிதத்தை மாற்றுங்கள். சர்வே எண்ணை வைத்துத் தேடாமல் ஆவண எண், ஆண்டு வைத்துத் தேடினால் வருகிறதா? வந்தால் பதிவு பத்திரமாக இருக்கிறது. அட்டவணையில் சர்வே எண்ணோ கிராமமோ தவறாக ஏறியிருக்கிறது. பத்திர நகலோடு அந்தச் சார்பதிவகத்தில் மனுக் கொடுத்தால் திருத்துவார்கள். புதுப் பத்திரம் எதுவும் வேண்டாம். யாராவது எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அப்போதும் வரவில்லையா? அலுவலகம் பிரிந்திருக்கலாம். உங்கள் கிராமம் முன்பு பக்கத்துச் சார்பதிவகத்தில் இருந்திருந்தால் பழைய பதிவு அங்கே கிடக்கும். உட்பிரிவு எண்ணும் இப்படித்தான்: இன்று 45/2பி என்றால் பத்திரம் பதிந்த காலத்தில் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். நகரப் பகுதியில் பழைய சர்வே எண்ணையும் நகர நிலஅளவை எண்ணையும் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்குபவர்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். புது எண்ணை மட்டும் போட்டு "வில்லங்கம் சுத்தம்" என்று நம்பியவர் தலையில் பழைய எண்ணில் இருந்த அடமானம் விழுந்திருக்கிறது.

எனக்குத் தெரியாத ஒருவர் பெயரில் பதிவு இருக்கிறது. பதறாமல் அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலை எடுங்கள். நான்கெல்லையைப் படியுங்கள். பெரும்பாலும் அதே சர்வே எண்ணில் பக்கத்து மனையாக இருக்கும். உங்கள் எல்லையே அதில் இருக்கிறது என்றால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது: காவல்துறையிலும் மாவட்டப் பதிவாளரிடமும் புகார் கொடுங்கள், அதே வாரம் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விற்றவர் தன்னிச்சையாக "ரத்துப் பத்திரம்" பதிந்திருந்தால் அதைக் கண்டு ஒடுங்கிப்போக வேண்டாம். கிரயத்தை ஒரு தரப்பு மட்டும் அப்படி ரத்து செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பதிவை நீக்கும் வேலை வழக்கறிஞருடையது.

கடன் கட்டி முடித்தும் அடமானம் தெரிகிறது. கடன் அடைந்தது என்று வங்கியே ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் வில்லங்கத்தில் அந்த வரி அடைபடும். "கடன் முடிந்தது" என்ற கடிதம் மட்டும் போதாது. அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தராமல் இழுத்தால், ரிசர்வ் வங்கியின் உத்தரவைச் சொல்லுங்கள்: 2023 டிசம்பர் 1 முதல், முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இதை எழுத்தில் கேட்டாலே அலமாரி திறக்கும்.

## அறிகுறி 5: பட்டா மாற்ற மனு நிராகரிக்கப்பட்டது

பத்திரம் பதிந்ததும் பட்டா மாற்றத்துக்கான விவரம் வருவாய்த்துறைக்குத் தானாகவே போகும். முழுப் புலமும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது உட்பிரிவு இல்லாத இனம்; அளக்க வேண்டாம், சீக்கிரம் முடியும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு இனம்; சர்வேயர் வந்து அளக்க வேண்டும். மனு எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள், நிராகரிப்புக் காரணத்தை அச்செடுங்கள்.

"விற்பவர் பெயர் பட்டாவில் இல்லை." நிராகரிப்புகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். உங்களுக்கு விற்றவர் தன் பெயருக்குப் பட்டா மாற்றவே இல்லை. பட்டா இன்னும் அவருக்கு முந்தையவர் பெயரில் தூங்குகிறது. பட்டாவில் உள்ள பெயரிலிருந்து உங்கள் பெயர்வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஓர் ஆவணம் வேண்டும்: பத்திரமோ, இறப்பு மற்றும் வாரிசுச் சான்றோ. அவற்றை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆவண எண், எந்த ஆண்டு என்று எழுதிப் புதிதாக மனுக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் கிராம நிர்வாக அலுவலரின் வேலையைப் பாதியாக்கும், மனு நகரும்.

"பத்திரப் பரப்பு பட்டாப் பரப்பைவிட அதிகம்." மேலே சொன்ன அலகுக் கணக்கை முதலில் போடுங்கள். கணக்குச் சரி, உண்மையிலேயே வித்தியாசம் என்றால் புலப்படத்தை எடுத்து நிலத்தை அளக்க எஃப்-லைன் மனுப் போடுங்கள். நிலம் குறைவாக இருந்தால், இருக்கிற அளவுக்குத்தான் பட்டா. நிலம் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் குறைவு என்றால், 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஏறிய பிழையாக இருக்கலாம். அந்தத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டு நகலும் பழைய பத்திரங்களும் வைத்து மனுக் கொடுக்க வேண்டும். வட்டாட்சியருக்கு மேலே உள்ள அதிகாரிதான் திருத்துவார். இழுபடும், ஆனால் ஆவணம் இருந்தால் ஜெயிக்கிற வழக்கு.

"கூட்டுப் பட்டா, எல்லை தெளிவில்லை." பத்திரத்தில் "பொதுவில் இத்தனை சென்ட்" என்று மட்டும் எழுதி நான்கெல்லை போடாமல் விட்டிருப்பார்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியும், தனிப் பட்டா வராது. தனியாக வேண்டுமென்றால் மற்றப் பங்குதாரர்களோடு பாகப்பிரிவினை எழுதிப் பதிய வேண்டும். அடுக்குமாடியில் வாங்கியவர்களுக்கு நிலத்தில் பிரிக்கப்படாத பாகம்தான் இருக்கிறது. தனிப் பட்டா வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

"ஆட்சேபணை வந்துள்ளது." ஆட்சேபித்தவர் யார், என்ன ஆவணம் காட்டினார் என்று நகல் கேளுங்கள். வட்டாட்சியர் உத்தரவு எதிராக வந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. ஆட்சேபணை உரிமையைப் பற்றியது என்றால் வருவாய்த்துறை அதைத் தீர்த்துவைக்காது. நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும். அங்கே போகத்தான் வேண்டும் என்று தெரிந்த பிறகு மனுமேல் மனுப் போட்டு வருஷத்தைக் கழிக்காதீர்கள்.

## அறிகுறி 6: அப்பா பெயரிலேயே இருக்கிறது, எங்கள் பெயருக்கு வரவில்லை

உயில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உயிலைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, வில்லங்கத்திலும் தெரியாமல் இருக்கலாம். அம்மாவின் டிரங்குப் பெட்டி, குடும்ப வழக்கறிஞர், வங்கிப் பெட்டகம் எல்லாம் பாருங்கள்.

உயில் இல்லையென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. இங்கே ஒருவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இந்து ஒருவர் தன் தாய்க்கு முன்னால் இறந்தால், மனைவி, பிள்ளைகளோடு அந்தத் தாயும் முதல் நிலை வாரிசு. பாட்டியின் பங்கை எழுதி வாங்காமல் வீட்டை விற்றுவிடுவார்கள். பாட்டி காலமானதும் அவருடைய மற்றப் பிள்ளைகள் பங்கு கேட்டு வருவார்கள், கேட்பதற்கு உரிமையும் உண்டு. அதேபோல் மகள்கள். திருமணமாகிப் போய்விட்டாள், சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் பதிவில் செல்லாது. 2005 திருத்தம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. தங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் மகிழ்ச்சி. அதை விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதியுங்கள். அவரிடம் எந்தத் தாளில் கையெழுத்து வாங்குகிறீர்கள் என்று உட்காரவைத்துப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். படிக்காமல் போட்ட கையெழுத்தால் பிரிந்த உடன்பிறப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய தொகை இது. "குடும்பம்" என்பதற்குச் சட்டத்தில் தனி வரையறை இருக்கிறது. யாருக்கு எழுதுகிறீர்களோ அந்த உறவு அதற்குள் வருகிறதா என்று பதியுமுன் கேளுங்கள். வராத உறவுக்குக் கிரயம்போல 7-ம் 2-ம்தான்.

வாரிசுகளில் ஒருவர் சிறுவர் என்றால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். ஒருவர் காணாமல் போயிருந்தாலோ, ஒருவர் மட்டும் ஒப்பவில்லை என்றாலோ, பாகப்பிரிவினை வழக்கைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்குபவருக்கு அவர்களுடைய பங்குதான் போகும்.

## அறிகுறி 7: வீட்டுவரியும் மின் இணைப்பும் பழைய பெயரில்

இவை உரிமையைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. ஆனாலும் விட்டுவைத்தால் அடுத்த விற்பனையின்போது கேள்வி வரும். வீட்டுவரிக்குப் பதிந்த பத்திர நகலும் பாக்கியில்லாத ரசீதும் வைத்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். மின் இணைப்புக்குப் பழைய உரிமையாளரின் சம்மதக் கடிதம் இருந்தால் வேலை எளிது. பதிவன்று அவர் பேனாவோடு உங்கள் பக்கத்தில்தான் நிற்பார். அந்தக் கடிதத்தை முன்கூட்டியே தட்டச்சுச் செய்து எடுத்துப் போய், சார்பதிவக வாசலைவிட்டு அவர் கிளம்புமுன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.